முன்னவர் விட்டுப்போன எண்ணெய்

தில்லி சாணக்யபுரியில் இருக்கும் தமிழ்நாடு இல்லத்தில் தங்குகிற நம்மவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் செங்கோட்டைக்கோ குதுப்மினாருக்கோதான் கிளம்புகிறார்கள். ஆட்டோவில் ஏறினால் சில நிமிடத்தில் வந்துவிடும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தை யாராவது சொன்னால் ஒழிய நினைப்பதில்லை. குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி 1971இல் அடிக்கல் நாட்டிய இடம் அது. 1977 பிப்ரவரி முதல் தேதி திறந்தார்கள். திறந்த வெளியில், துண்டு துண்டான தண்டவாளங்கள் மேல், பெரிய பெரிய எஞ்சின்கள் நிற்கின்றன. அநேகமாக எல்லாமே ஓடி முடித்தவை. வெயிலும் மழையும் அரிக்காமல் பெயிண்ட் அடித்து வைத்தால் போதும், இன்னும் நூறு வருடம் நிற்கும்.

ஆனால் அங்கே ஓடுகிற பழசுகளும் உண்டு. பாட்டியாலா மகாராஜா 1907இல் போட்ட ஒற்றைத் தண்டவாள ரயில் அதில் ஒன்று. பாரத்தில் பெரும்பங்கை ஒரே தண்டவாளம் தாங்கும்; பக்கத்துச் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். 1927இல் அது நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்ததை 1962இல் கண்டெடுத்தார்கள். பிறகு அமிர்தசரஸ் ரயில் பட்டறையில் செப்பனிட்டு, மறுபடி நீராவி ஏறும்படி செய்தார்கள். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜான் மோரிஸ் கம்பெனி 1914இல் கட்டிய தீயணைப்பு வண்டியும் அங்கே இருக்கிறது. தில்லியின் பழங்கார் பேரணிகளில் சொந்த எஞ்சினில் ஓடிய வண்டி அது.

இந்த இடத்தோடு பெயர் ஒட்டிப்போன இன்னொரு எஞ்சின் ஃபேரி குயீன். 1855இல் லீட்ஸ் நகரில் செய்தது, கிழக்கிந்திய ரயில்வேயின் 22ஆம் எண். 1909இல் ஓய்வு கொடுத்தார்கள். பல பத்தாண்டுகள் வெறும் காட்சிப்பொருளாக நின்று, கடைசியில் சாணக்யபுரிக்கு வந்தது. அதை ஓட வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது அனுப்பிய இடம் நம்ம பெரம்பூர் லோகோ பட்டறை. 1996இல் அங்கே உயிர் வந்தது. 1997 அக்டோபரில் பயணிகளை ஏற்றிக்கொண்டு தில்லி கண்டோன்மெண்டிலிருந்து அல்வாருக்குப் போனது. தொடர்ந்து ஓட்டத்தில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று 1998இல் கின்னஸ் புத்தகம் எழுதிக்கொண்டது.

நிற்கிற இயந்திரத்துக்கும் ஓடுகிற இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மைதானத்தில் பார்க்கலாம். பெயிண்ட் இரண்டுக்கும் ஒன்றுதான். ஓடுகிறதன் கீழே தண்டவாளக் கட்டையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கும். நின்றுபோனதை மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் பட்டறைக்காரர் முதலில் கை வைப்பது உள்ளே உறைந்துபோன பழைய எண்ணெயிலும் இறுகிப்போன கிரீஸிலும்தான். அதை வழித்து எடுக்காமல் புதிதாக எதை ஊற்றினாலும் அது பழசோடு சேர்ந்துவிடும். சாணக்யபுரியில் ஃபேரி குயீனைப் பற்றி யோசிக்கப்போய், என் மனம் காவிரி டெல்டாவின் டிராக்டர் பட்டறைகளுக்குப் போய்விட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. லோகோ பட்டறை இருக்கும் அதே பெரம்பூரை ஒட்டித்தான் செம்பியம். டிராக்டர் எஞ்சின் செய்யும் சிம்சன் அங்கே இருக்கிறது. 1960இல் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டரை நம் வயலுக்குக் கொண்டுவந்தது. ரயிலும் டிராக்டரும் வடசென்னைத் தொழிலாளியின் கைக்கு அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள்.

மாஸி ஃபெர்குசன் என்ற பெயரின் பின்பாதி ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்தின் வடபகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு முன்பு டிராக்டர் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தது, அவ்வளவுதான். கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் டிராக்டரோடு பூட்டி, தூக்குவதையும் இறக்குவதையும் ஆழம் பிடிப்பதையும் எண்ணெயின் அழுத்தத்திடம் ஒப்படைத்தார். 1920களில் காப்புரிமை வாங்கிய அந்த ஏற்பாடு இன்று உலகம் முழுக்க டிராக்டரின் இலக்கணம். ஒரு சுண்டுவிரலால் நெம்புகோலை நகர்த்தினால் கால் டன் இரும்பு எழும்புகிறது. அதைத் தூக்குவது டப்பாவிலிருந்து ஊற்றிய ஒரு திரவம் என்பதை நாம் எப்போதாவதுதான் நினைக்கிறோம்.

நம்மூரில் ஓடுகிற டிராக்டர்கள் பலவற்றில் கியர் பெட்டிக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். பின்னால் வெளி இணைப்புக்கு ஒரு வாய் இருக்கும். டிப்பர் டிரெய்லரோ, ரிவர்சிபிள் கலப்பையோ, முன்பக்க லோடரோ எதை மாட்டினாலும் அந்த வாயில் ஓஸைச் சொருகினால் போதும். சொருகிய நிமிடத்திலிருந்து டிரெய்லரின் எண்ணெய் வேறு, டிராக்டரின் எண்ணெய் வேறு என்பது கிடையாது. டிரெய்லர் ஜாக்கில் தேங்கியிருந்தது, தொட்டி இறங்கும்போது ஓஸ் வழியே வந்து, டிராக்டரின் கியர்ப் பல்லுக்கும் பம்புக்கும் போய்ச் சேர்கிறது. ஊரில் ஒரு டிரெய்லரை நாலு டிராக்டர் மாற்றி மாற்றி இழுப்பது சாதாரணம். ஒருவர் வண்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் அது மெல்ல மற்ற மூவருக்கும் போகும். பம்பு போனபின் மூவரும் கம்பெனியைத் திட்டுவார்கள்.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர் என்னென்ன பார்ப்பார்? சேஸிஸில் வெல்டிங் விட்டிருக்கிறதா, அச்சு நேராக இருக்கிறதா, டயரில் எவ்வளவு மிச்சம், தொட்டித் தகடு எங்கே துருப்பிடித்திருக்கிறது. கடைசியாக ஒரு முறை தூக்கி இறக்கிக் காட்டச் சொல்வார். தூக்கும், இறங்கும். விலை பேசி முடிப்பார். அந்த ஜாக்குக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். விற்கிறவர் முறையான ஹைட்ராலிக் ஆயில் ஊற்றியிருக்கலாம். எஞ்சினில் வடித்த ஆயிலை ஊற்றியிருக்கலாம். அவசரத்துக்கு பிரேக் ஆயில் கலந்திருக்கலாம். பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில், அது வேறு இனம். ஹைட்ராலிக் சீலின் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். இரும்பு நல்ல இரும்பாக இருக்கும், முன்னவரின் சிக்கனமும் சோம்பலும் எண்ணெயில் தங்கியிருக்கும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இந்த வேலையை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த டிப்பர் டிரெய்லர். வாங்கியவர் இளைஞர், நெல் அறுவடைக்கு முன்னால் ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

"அண்ணே, வெளியில நல்லாத்தான இருக்கு. அப்படியே மாட்டிப் பாத்துடலாமே?"

"மாட்டிட்டா அவன் எண்ணெய் உங்க வண்டிக்குள்ள வந்துரும் தம்பி. அப்புறம் டிரெய்லரோட சேத்து டிராக்டரையும் கழுவணும்" என்றார் மெக்கானிக். அதற்கு மேல் அவர் பேசவில்லை, வேலையைத் தொடங்கிவிட்டார்.

முதலில் செயின் பிளாக்கைப் போட்டுத் தொட்டியைத் தூக்கினார். தூக்கியதும் தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை கொடுத்தார். ஜாக்கை நம்பித் தொட்டிக்கு அடியில் தலை கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் உயிர் விட்டவர்கள் சொல்லிப்போன பாடம். பிறகு ஓஸ் வாயைச் சுற்றியிருந்த மண்ணைத் துணியால் துடைத்தார். ஒரு தடவை அல்ல, துணி சுத்தமாக வரும்வரை. எண்ணெயை மாற்றுகிறேன் என்று திறக்கிற நேரத்தில்தான் புழுதி அதிகம் உள்ளே போகிறது. அதன் பின்னரே கழற்றினார். ஜாக்கின் பின்னைத் தட்டி எடுத்து, இரண்டு பேராக அதை இறக்கி, அகலமான தகரத் தட்டின் மேல் வாய் கீழாகக் கவிழ்த்தார்கள்.

முதலில் வந்தது கறுப்பாக, பார்க்கச் சுமாரான எண்ணெய்தான். ஓஸை ஒட்டி மேலே இருந்த பங்கு அது, ஒவ்வொரு தூக்கலுக்கும் டிராக்டருக்குப் போய் வந்தது. பிஸ்டனைத் தள்ளத் தள்ள, அடியில் இருந்தது வந்தது. மோர் மாதிரி வெளுத்து, கெட்டியாக, ஒரு புளித்த வாடையோடு. தண்ணீர் கலந்த எண்ணெய் அப்படித்தான் இருக்கும். இந்த ஜாக் ஒருபக்கம் மட்டும் எண்ணெய் வாங்குகிற வகை. எண்ணெய் தூக்கும், தொட்டியின் பாரமே அதைத் திருப்பி அனுப்பும். வாய்க்குக் கீழே தேங்கியது திரும்பவே திரும்பாது. டிராக்டரில் எத்தனை முறை எண்ணெய் மாற்றினாலும், ஃபில்டர் மாற்றினாலும், அடியில் கிடந்தது அடியிலேயே கிடந்திருக்கிறது. வெளி இணைப்புகளுக்கு வருகிற பெரும் ஆபத்தே இதுதான். நீண்ட ஓஸும் சின்ன சிலிண்டரும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சிலிண்டரின் எண்ணெய் ஓஸுக்குள் பாதி தூரம் வந்து, டிராக்டரின் ஃபில்டரை எட்டுவதற்குள் மறுபடி உள்ளே போய்விடும். சுத்தமாக வாய்ப்பே இல்லாத எண்ணெய் அது.

தட்டின் அடியில் கடைசியாகப் படிந்ததை மெக்கானிக் விரலால் தேய்த்தார். ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். கொஞ்சம் ஒட்டியது, இரும்புத் துகள். ஒட்டாமல் மின்னியது பித்தளையோ வெண்கலமோ. கறுப்பாக இழை இழையாகச் சுருண்டது சீலின் ரப்பர். நறநறவென்று இருந்தது மணல். இந்த டிரெய்லர் முன்பு என்ன சுமந்தது என்பதை அது சொல்லிவிட்டது. எண்ணெய் வெளுத்திருந்ததால், அது மழையில் வெட்டவெளியில் நின்றதும் தெரிந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது.

கண்ணுக்குத் தெரிகிறது இவ்வளவு என்றால், தெரியாததுதான் அதிகக் கேடு. தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். நாற்பதுக்குக் கீழே நம் கண் பிரித்தறியாது. ஹைட்ராலிக் பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இருக்கிற இடைவெளியோ சில மைக்ரான்கள்தான். அதற்குள் நுழைந்து அறுப்பது நாம் பார்க்கவே முடியாத தூசி. "எண்ணெய் கண்ணாடி மாதிரி இருக்கு, மாத்த வேண்டாம்" என்று சொல்கிறவர் இதை யோசிக்க வேண்டும்.

இளைஞர் டீசல் கேனைக் காட்டினார், ஊற்றிக் கழுவிவிடலாமே என்று. மெக்கானிக் தலையாட்டி மறுத்தார். டீசலும் மண்ணெண்ணெயும் அழுக்கைக் கரைக்கும், உண்மை. ஆனால் மூலைமுடுக்கில் மிஞ்சுகிற அரை லிட்டர் டீசல் புது எண்ணெயின் வழவழப்பைக் கெடுக்கும், பம்பு உராய்ந்து சூடேறும். அவர் எந்தக் கிரேடு எண்ணெய் ஊற்றப்போகிறாரோ அதையே கொஞ்சம் எடுத்து ஜாக்கில் ஊற்றினார். பிஸ்டனை இழுத்து நீட்டி, தள்ளிச் சுருக்கி, கவிழ்த்துக் கொட்டினார். கொட்டியது தெளிவாக வரும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஓஸையும் தனியாகக் காற்றடித்து, எண்ணெய் விட்டு அலசினார். சீல் செட்டைப் புதிதாகப் போட்டார். செலவு கூடுகிறதே என்று இளைஞரின் முகம் போனது. நியாயம்தான், நல்ல ஹைட்ராலிக் ஆயில் மலிவு இல்லை. ஆனால் பம்பின் விலையோடு வைத்துப் பார்க்கிற கணக்கு அது.

பூட்டிய பிறகு பாரமில்லாமல் மெதுவாகப் பல தடவை தூக்கி இறக்கினார்கள், காற்றுக் குமிழ் வெளியேற. தொட்டி இறங்கியிருக்கும்போது டிராக்டரின் எண்ணெய் அளவைப் பார்த்தார்கள். காலியான ஜாக் நிரம்பும்போது அத்தனை எண்ணெயும் டிராக்டரிலிருந்துதான் போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் கியர் பெட்டி வறளும். இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஓர் அட்டைத் துண்டைப் பிடித்தார், கையை அல்ல. இதை எல்லாப் பட்டறையிலும் எழுதி ஒட்ட வேண்டும். கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். டிராக்டர் ஹைட்ராலிக்கில் 150, 200 பார் வரை போகும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சுகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகும், கை போகும். அப்படி ஆனால் மஞ்சள் பற்றுப் போட்டு உட்காராமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வேலை முடிந்தது. தட்டில் வடித்தது ஒரு பிளாஸ்டிக் கேனில் நிரம்பியிருந்தது. சாயங்காலம் சென்ட்ரிங் வேலைக்காரர் ஒருவர் வந்து காசு கொடுத்து அதை எடுத்துப்போனார்.

பழைய எண்ணெய்க்கு நம் ஊரில் என்றும் கிராக்கி உண்டு. கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் பலகையில் பூசுவார்கள். கரையான் ஏறாமல் கதவு நிலையிலும் வேலிக் காலிலும் தடவுவார்கள். செங்கல் சூளையில் எரிப்பார்கள். கொசு முட்டையிடாமல் குட்டையில் ஊற்றுவார்கள். மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட காலத்திலிருந்து வருகிற பழக்கம், எதையும் வீணாக்காத மனம். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சுக்குப் போட்ட மையும் இதுவும் ஒன்றல்ல. தேய்மானத்தைத் தடுக்க ஹைட்ராலிக் எண்ணெயில் துத்தநாகக் கலவைகள் சேர்க்கிறார்கள். பட்டறைக் கேனில் எஞ்சின் எண்ணெயும் சேர்ந்தே கிடக்கும், அதில் எரிந்த கரியின் நச்சுகளும் கன உலோகங்களும் உண்டு. எரித்தால் காற்றுக்குப் போகும், பூசினால் மழையில் கழுவி மண்ணுக்குப் போகும். ஒரு கேலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. காவிரிப் படுகையில் பத்தடி, இருபதடியில் கைப்பம்புத் தண்ணீர் எடுத்த ஊர்கள் நம்முடையவை.

முன்னவர் விட்டுப்போன எண்ணெய் என்பது டிரெய்லர் அளவோடு நிற்கிற சங்கதியும் அல்ல. சாணக்யபுரியில் தூதரகம் வைத்திருக்கிற நாடுகள் பலவும் 1989இல் உருவான பாசல் உடன்படிக்கையில் இருக்கின்றன. ஆபத்தான கழிவை ஒரு நாடு இன்னொரு நாட்டின் தலையில் கட்டக் கூடாது என்பது அதன் நோக்கம். கழிவு எண்ணெய்க்கு அதன் பட்டியலில் தனி எண் உண்டு, ஒய் 8. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் மும்பை அருகே நாவ சேவா துறைமுகத்தில் 133 கண்டெய்னர் கழிவு எண்ணெய் வந்து இறங்கியது, மசகு எண்ணெய் என்ற பெயரில். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இறக்குமதி செய்தவர்கள் செலவிலேயே அதை எரித்து அழிக்க வேண்டும் என்று 2005 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. புதுக்கோட்டை டிரெய்லரில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது, கண்டெய்னர் கணக்கில். வெளியே பார்க்கச் சுமாராக இருந்தது. அடியில் இருந்ததை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிடப் பார்த்தார்கள்.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. அபாயகரக் கழிவு விதிகள் 1989இலேயே வந்தன, 2016இல் புதிதாக எழுதினார்கள். 2023இல் திருத்தி, விற்கிற கம்பெனிகளே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது நடைமுறை. பழைய எண்ணெய் செத்த பொருளும் அல்ல. அழுக்கையும் தண்ணீரையும் பிரித்து மறுபடி சுத்திகரித்தால் அடிப்படை எண்ணெய் திரும்பக் கிடைக்கும். கெட்டுப்போவது அதில் கலந்த சேர்மானங்கள்தான். தொழிற்சாலையும் பெரிய சர்வீஸ் நிலையமும் இந்த வலைக்குள் வந்துவிடும். மன்னார்குடிப் பட்டறையின் கேன் வராது. அங்கே வந்து எடுத்துப்போக ஆள் கிடையாது, சென்ட்ரிங்காரரைத் தவிர. பட்டறைக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வடிப்பது வரை அவர் தன் கடமையை அப்பழுக்கில்லாமல் செய்தார். அதற்கு மேல் அவர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்?

இதற்குப் புதிய துறை வேண்டாம். நம் வேளாண்மைப் பொறியியல் துறை மாவட்டந்தோறும் அலுவலகம் வைத்திருக்கிறது, டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதிவு செய்துகொள்ள முடிகிறது. அந்த அலுவலகங்களில் மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, பழைய எண்ணெயை லிட்டருக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கி, அனுமதி பெற்ற சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சென்ட்ரிங்காரர் கொடுப்பதைவிட ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் போதும், கேன் அங்கே வந்துவிடும். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதை எழுதி மனுவாகக் கொடுங்கள்.